'கமீல்' (1936): மார்கரீத்தைத் தோற்கடித்தது தந்தையின் கோபமா, மரியாதையா?

பழம்படப்பிரியன் (இழையைத் தொடங்கியவர்)

ஜார்ஜ் குக்கோர் இயக்கி, மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் 1936 டிசம்பரில் முதன்முதலாகத் திரையிட்ட 'கமீல்' படத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் மார்கரீத்தாக நடித்த கிரேட்டா கார்போவின் கடைசிக் காட்சியிலேயே நின்றுவிடுகிறோம். எனக்கோ அந்தப் படத்தின் நடுப்பகுதியில் வரும் ஒரு சந்திப்புதான் முக்கியமாகப் படுகிறது. அர்மானின் தந்தை துவால், நாட்டுப்புற வீட்டில் மகன் இல்லாத நேரம் பார்த்து மார்கரீத்தைத் தேடி வரும் காட்சியைச் சொல்கிறேன். குடும்பமும் சமூகமும் ஒரு காதலை எப்படிக் கலைக்கின்றன என்பதை ஹாலிவுட்டின் தொடக்கக் காலப் படங்களில் இவ்வளவு அடக்கமான குரலில் சொன்ன காட்சி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1847ஆம் ஆண்டு பாரிஸ். செல்வந்தர்களின் ஆதரவில் ஆடம்பரமாக வாழும் மார்கரீத் கோத்தியே, காசநோயாளி. பாரோன் தெ வார்வீல் என்ற பிரபு அவளுடைய செலவுகளைப் பார்த்துக்கொள்கிறார். பெரிய வசதி இல்லாத, ஆனால் மதிப்பான குடும்பத்தைச் சேர்ந்த அர்மான் துவால் அவளை நேசிக்கிறான். இருவரும் கோடைக்காலத்தை நாட்டுப்புறத்தில் ஒன்றாகக் கழிக்கிறார்கள். அங்கேதான் தந்தை வருகிறார்.

தந்தையாக நடித்த லயனல் பேரிமோர் மிரட்டுவதற்கான எல்லாத் தகுதிகளோடும் உள்ளே நுழைகிறார். நாமும் ஒரு பெரிய சண்டையை எதிர்பார்க்கிறோம். ஆனால் அவள் தன் மகனை உண்மையாகவே நேசிக்கிறாள் என்று தெரிந்ததும் அவருடைய குரல் தணிந்துவிடுகிறது. அவர் அவளை இழிவுபடுத்தவில்லை. மாறாக, அவளுடைய காதல் உயர்வானது என்று ஒப்புக்கொண்டு, அந்த உயர்வைக் காட்டியே அவளிடம் தியாகத்தைக் கேட்டு வாங்குகிறார். அவர் அவளை வசைபாடியிருந்தால் அவள் எதிர்த்து நின்றிருப்பாள், ஏனெனில் வசவுகளுக்குப் பழகிப்போன வாழ்க்கைதான் அவளுடையது. மரியாதைக்குத்தான் அவளிடம் பதில் இல்லை. வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கண்ணியமான குடும்பத்தின் தலைவர் அவளைச் சமமாக நடத்துகிறார், அந்தச் சமமதிப்பின் விலையாக அவள் அந்தக் குடும்பத்தை விட்டு விலகிவிட வேண்டும்.

இதற்கு முன்பே படம் ஒரு முன்னறிவிப்பைத் தந்துவிடுகிறது. தோழி நிஷெத்தின் திருமணத்தை ஒட்டி, அர்மான் தன்னை மணந்துகொள்ளும்படி கேட்கும்போது மார்கரீத் மறுக்கிறாள். உன்னை நேசிப்பதற்கும் உனக்காக வாழ்வதற்கும் அனுமதித்தால் போதும், அதற்கு மேல் கேட்டால் கடவுளுக்குக் கோபம் வந்துவிடும் என்ற பொருளில் பேசுகிறாள். அதாவது, சமூகம் அவளுக்கு விதித்த எல்லைக்கோட்டை அவள் தானாகவே தன் மனத்திற்குள் வரைந்து வைத்திருக்கிறாள். தந்தை வந்து புதிதாக எதையும் சொல்வதில்லை. அவள் அஞ்சிக்கொண்டிருந்த ஒன்றை அவர் வாய்விட்டுச் சொல்கிறார், அவ்வளவுதான்.

எனவே என் கேள்வி: துவால் இந்தக் கதையின் எதிர்நாயகரா? அல்லர் என்று பலரும் எழுதுகிறார்கள். நல்ல மனிதர், தந்தைக்குரிய கடமையைச் செய்தார் என்கிறார்கள். அவர் நல்லவர் என்பதுதான் இந்தப் படத்தின் மிகக் கொடுமையான செய்தி என்று நான் கருதுகிறேன்.

கொட்டகைவாசி

தங்கள் வாசிப்பு அழகாக இருக்கிறது, ஆனால் அந்தக் காட்சி அத்தனை எடையைத் தாங்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. என்னைப் பொறுத்தவரை படத்தின் பலவீனமான இடமே அதுதான்.

இந்தப் படத்துக்கு மூலமான, அலெக்சாந்தர் தூமாவின் மகன் 1848இல் எழுதிய நாவலில் தந்தையின் கையில் ஒரு திடமான காரணம் இருக்கிறது. அர்மானுக்கு ஒரு தங்கை உண்டு. அவளுக்கு நிச்சயமாகியிருக்கும் திருமணம், அண்ணன் இப்படி ஒரு பெண்ணுடன் வாழ்வது தொடர்ந்தால் முறிந்துவிடும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். இது கேட்பதற்குக் கொடுமையாக இருந்தாலும் கணக்கு தெளிவாக இருக்கிறது: ஒரு பெண்ணின் வாழ்வா, இன்னொரு பெண்ணின் வாழ்வா? மார்கரீத் தன்னால் என்றைக்கும் ஆக முடியாத அந்தக் குற்றமற்ற பெண்ணுக்காக விட்டுக்கொடுக்கிறாள். இதே கதையைச் சொல்லும் வெர்டியின் 'லா திராவியாத்தா' இசை நாடகமும் இந்தக் காரணத்தைத்தான் கையாள்கிறது, தந்தை தன் மகளைப் பற்றிப் பாடும் இடம் அதனால்தான் அவ்வளவு வலுவாக இருக்கிறது.

படத்திலோ எடை முழுவதும் அர்மானின் எதிர்காலத்தின் மீது நகர்ந்துவிட்டது. அவனுடைய முன்னேற்றம் கெடும், மதிப்புள்ள இடங்களில் அவனுக்குக் கதவு திறக்காது என்ற வாதம் பொதுவானது. 1936ஆம் ஆண்டின் அமெரிக்கப் பார்வையாளருக்கு ஒரு தங்கையின் கல்யாணம் இப்படி முறியும் என்பது நம்பும்படியாக இருக்காது என்று கருதி மாற்றியிருந்தால் அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் மாற்றி வைத்த வாதத்திற்கு, ஒரு பெண் தன் உயிரையே கொடுக்கும் அளவுக்கு வலு இல்லை. கார்போ தன் முகத்தாலும் முழந்தாளிட்டுச் சரிவதாலும் அந்தப் பள்ளத்தை நிரப்புகிறார். அது நடிகையின் வெற்றி, எழுத்தின் வெற்றி அன்று.

பேரிமோரைப் பற்றியும் ஒரு சொல். அவர் மிகப் பெரிய நடிகர்தான், ஆனால் இந்தப் படத்தில் அவர் பிரெஞ்சு மாகாணத்துக் கனவானாக அன்றி, அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் நீதிபதியாகவே எனக்குத் தெரிகிறார்.

செம்பருத்தி

இருவரும் தந்தையைப் பற்றியே பேசுவதால், பணத்தைப் பற்றி நான் சிறிது பேச விரும்புகிறேன், ஏனென்றால் இந்தப் படத்தில் சமூகம் என்பது பெரும்பாலும் பணத்தின் உருவில்தான் வருகிறது.

தொடக்கத்தில் திரையில் வரும் எழுத்துகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பாரிஸின் மதிப்பான சமூகத்துக்கு வெளியே இருந்த அந்த 'அரை உலகத்தில்' கனவான்கள் பெண்களைச் சந்திக்கும் அரங்குகளிலும் சூதாட்ட விடுதிகளிலும் எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் நடக்க வேண்டும் என்பதே விதி என்று அது சொல்கிறது. இந்த ஒரு குறிப்பில் படத்தின் சமூக ஒழுங்கு முழுவதும் அடங்கிவிட்டது. மார்கரீத் இருப்பதையோ, பாரோன் அவளுக்குப் பணம் தருவதையோ அந்தச் சமூகம் வெறுக்கவில்லை. அதே கனவான்கள்தான் அவளுடைய விருந்துகளில் குடிக்கிறார்கள். ஒருவன் அவளைப் பகிரங்கமாக நேசித்து, அவளோடு ஒரே கூரையின் கீழ் வாழத் துணியும்போதுதான் குடும்ப கௌரவம் என்ற பேச்சு எழுகிறது. அர்மான் அவளைத் திருட்டுத்தனமாக வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தால் துவால் அந்தப் பயணத்தை மேற்கொண்டே இருக்க மாட்டார்.

இப்போது பாரோனைப் பாருங்கள். ஹென்றி டேனியல் அந்தப் பாத்திரத்தை ஒரு பனிக்கட்டியைப் போல நடித்திருக்கிறார். கோடைக்காலத்தை அர்மானோடு கழிக்க வேண்டுமென்றால் கடன்களை அடைக்க வேண்டும், அதற்காக மார்கரீத் பாரோனிடமே 40,000 ஃபிராங்க் கேட்கிறாள். பணம் எதற்கு என்பது அவருக்கு ஏறக்குறைய தெரிந்திருக்கிறது. கொடுக்கிறார். கொடுத்துவிட்டு அவளை அறைகிறார். பணமும் அறையும் ஒரே கையிலிருந்து, சில கணங்களுக்குள். அவர் கொடியவர்தான், ஆனால் தான் வாங்குவது என்ன, அதற்குக் கொடுப்பது என்ன என்பதை மறைக்காதவர். துவாலும் ஒரு பேரத்தைத்தான் பேச வருகிறார், அவரிடம் அதற்குப் பெயர் கண்ணியம்.

பியானோக் காட்சியையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சாவியைக் கொடுத்து அர்மானை அன்றிரவு வரச் சொல்லியிருக்கும் நேரத்தில் பாரோன் எதிர்பாராமல் வந்து உட்கார்ந்துவிடுகிறார். வேலைக்காரி நானீன் கதவைப் பூட்டிவிடுகிறாள். வெளியே மணி அடிக்கிறது. பாரோன் வாசித்துக்கொண்டே யார் அது என்று கேட்கிறார். வழி தவறி வந்தவர் என்றும் சொல்லலாம், என் வாழ்வின் பெருங்காதல் என்றும் சொல்லலாம் என்ற பாணியில் அவள் பதில் சொல்ல, இருவரும் சிரிக்கிறார்கள். மணி ஓயவில்லை, வாசிப்பின் வேகம் ஏறுகிறது, சிரிப்பும் ஏறுகிறது. இருவருக்கும் உண்மை தெரியும், இருவரும் அதைச் சிரிப்பாக மாற்றிக்கொள்கிறார்கள். காதும் காதும் வைத்தாற்போல் வாழும் ஒரு சமூகத்தில் உண்மை வெளியே வரக்கூடிய ஒரே வடிவம் நகைச்சுவைதான் என்பதை இதைவிடத் துல்லியமாக ஒரு வசனத்தாலும் சொல்லிவிட முடியாது. என் கணக்கில் படத்தின் உச்சம் இதுவே, தந்தையின் காட்சி அன்று.

சுருளும் ஒளியும்

தணிக்கையை விட்டுவிட்டு இந்தப் படத்தைப் பேசினால் பாதிதான் பேசியதாகும்.

படங்களில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று வகுத்த ஹாலிவுட் தயாரிப்பு விதித்தொகுப்பு 1930இலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றாலும், 1934ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அதைச் செயல்படுத்தும் அலுவலகத்துக்கு ஜோசப் பிரீன் பொறுப்பேற்ற பிறகுதான் அது பல் முளைத்த விதியாயிற்று. சான்று முத்திரை இல்லாத படத்தைப் பெரிய நிறுவனங்களின் திரையரங்குகள் ஏற்காது. எனவே 1932இல் சாதாரணமாகச் சொல்ல முடிந்தவற்றை 1936இல் சுற்றி வளைத்துத்தான் சொல்ல முடிந்தது. மார்கரீத்தின் வாழ்க்கை முறைக்கு இந்தப் படத்தில் நேரடியான பெயரே கிடையாது என்பதைக் கவனியுங்கள். சாவி, கடன் சீட்டு, பூ, வண்டி ஆகியவையே எல்லாவற்றையும் சொல்கின்றன. நிஷெத்தின் திருமணத்தை அத்தனை விரிவாகக் காட்டுவதிலும் இல்லறத்தை உயர்த்திக் காட்ட வேண்டிய அந்தக் காலத்து நெருக்கடியை நான் பார்க்கிறேன்.

இதில் விந்தை என்னவென்றால், இந்தக் கதை பிறந்த நாளிலிருந்தே தணிக்கையாளர்களோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறது. தூமாவின் மகன் தன் நாவலை நாடகமாக்கியபோது பிரெஞ்சுத் தணிக்கை அதைத் தடுத்து வைத்தது. 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றி, மோர்னி உள்துறை அமைச்சராக வந்த பிறகே தடை விலகி, 1852 பிப்ரவரி 2 அன்று வோதவீல் அரங்கில் அது மேடையேறியது. மறு ஆண்டு வெனிஸில் வெர்டி தன் இசை நாடகத்தைச் சமகால உடையில் அரங்கேற்ற விரும்பினார். அங்கிருந்தவர்கள் ஒப்பவில்லை, கதையை ஏறத்தாழ 1700ஆம் ஆண்டுக்குப் பின்னே தள்ளினார்கள். ஒழுக்கக்கேடு தங்கள் காலத்தில் நடப்பதைப் பார்க்க யாருக்கும் விருப்பமில்லை, கொள்ளுத்தாத்தா காலத்தில் நடந்தால் பரவாயில்லை!

இப்போது பழம்படப்பிரியன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். துவாலின் வாதத்தையும் பிரீன் அலுவலகத்தின் வாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவளுக்காக இரங்கலாம், அவளுடைய நல்ல மனத்தைப் போற்றலாம், ஆனால் அவள் அவனோடு வாழ்ந்துவிடக் கூடாது. இரண்டு வாதங்களும் ஒன்றே. ஆகவே அந்தத் தந்தையை மென்மையானவராகக் காட்டியதற்குப் பின்னால் கலைநுட்பம் மட்டுமே இருந்தது என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. விதியின் பக்கம் பேசும் மனிதரைக் கொடியவராகக் காட்டினால் விதியையே கொடியது என்று சொன்னதாகிவிடும்.

பழம்படப்பிரியன்

கொட்டகைவாசி அவர்களுக்கு: தங்கையை நீக்கியதால் வாதம் மெலிந்தது என்பதை ஏற்கிறேன், அதனால் காட்சி மெலிந்தது என்பதை ஏற்க மாட்டேன். தங்கையின் திருமணம் என்ற காரணம் இருந்தால் மார்கரீத்தின் முடிவு ஒரு நியாயமான பரிமாற்றமாகிவிடுகிறது, யாரோ ஒருவருக்கு நன்மை கிடைக்கிறது. படத்தில் அவள் விட்டுக்கொடுப்பதால் யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. அர்மானின் எதிர்காலத்தைக் காப்பாற்றத்தான் அவள் போகிறாள், ஆனால் அந்த அர்மானோ சூதாட்ட விடுதியில் பாரோனிடம் வென்ற பணத்தை அவள் மீதே வீசி எறிந்து, பாரோனுடன் இரட்டைப்போர் செய்து அவரைக் காயப்படுத்திவிட்டு, நாட்டை விட்டே வெளியேற வேண்டிய நிலைக்கு ஆளாகிறான். குடும்பம் எதைக் காப்பதாகச் சொன்னதோ அதைக் குடும்பத்தின் தலையீடே கெடுத்துவிட்டது. நாவலில் இல்லாத இந்த வெறுமை படத்தில் இருக்கிறது, வேண்டுமென்று செய்தார்களா தற்செயலா என்பது இரண்டாம் பட்சம்.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். துவாலுக்குத் தலையசைத்த பிறகு அவள் கேட்பது ஒன்றே ஒன்று: அர்மானுக்கு உண்மை தெரிய வேண்டாம், தெரிந்தால் அவன் திரும்பி வந்துவிடக்கூடும். அதன் பிறகு அவள் அவனிடம் பேசும் கடுஞ்சொற்கள் அத்தனையும் நடிப்பு. பேசி முடித்துவிட்டு மேட்டின் மீது ஏறிப் பாரோனின் கோட்டையை நோக்கி நடக்கிறாள். காதலித்த காலம் முழுவதும் அந்தக் கோட்டை அவர்களுடைய சன்னலுக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தது என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது.

மௌனப்படம்

பேசும் படத்தோடு நிறுத்திவிட்டீர்கள். 1921இல் மெட்ரோ நிறுவனத்திற்காக ரே ஸ்மால்வுட் இயக்கிய மௌனப் பதிப்பையும் பாருங்கள், இன்றும் காணக் கிடைக்கிறது. நாசிமோவா மார்கரீத், ருடால்ஃப் வாலன்டினோ அர்மான். கதையை அன்றைய நிகழ்காலத்திற்குக் கொண்டுவந்து, நதாஷா ராம்போவா வடிவமைத்த வளைவுகள் நிறைந்த அரங்கங்களுக்குள் நடத்தினார்கள். 1917இல் தீடா பாரா நடித்த பதிப்பு நமக்குக் கிடைக்காமல் அழிந்துவிட்டது. 1926இல் நார்மா டால்மட்ஜ் நடித்த பதிப்பும் ஒன்று உண்டு.

நாசிமோவா பதிப்பின் முடிவுதான் இந்த இழைக்குப் பொருத்தமானது. அதில் அர்மான் திரும்பி வருவதில்லை. அவள் அவன் கொடுத்த புத்தகத்தை வைத்துக்கொண்டு, அவனை நினைத்தபடியே இறக்கிறாள். நாவலிலும் அவன் காலம் கடந்துதான் வருகிறான். நாடகம்தான் அவனை அவளுடைய படுக்கைக்கு அருகே கொண்டுவந்து சேர்த்தது, 1936ஆம் ஆண்டுப் படம் நாடகத்தைப் பின்பற்றியது. 'லா திராவியாத்தா' இன்னும் ஒரு படி மேலே போய்த் தந்தையையும் கடைசிக் காட்சிக்கு அழைத்து வந்து வருந்த வைக்கிறது. ஆக, குடும்பத்துக்கு எவ்வளவு மன்னிப்பு வழங்குவது என்பதை ஒவ்வொரு பதிப்பும் தன் முடிவில் தீர்மானிக்கிறது. குக்கோரின் படத்தில் மகன் வருகிறான், தந்தை வருவதில்லை. பழம்படப்பிரியன் அவர்களின் வாதத்திற்கு இதுவே நல்ல சான்று என்று நினைக்கிறேன், அவர் ஏன் இதை எடுக்கவில்லை என்றுதான் தெரியவில்லை.

செம்பருத்தி

கடைசிக் காட்சியைப் பற்றி ஒரு செய்தி. குக்கோர் அதை இரண்டு விதமாகப் படமாக்கினார். ஒன்றில் மார்கரீத் சாகும் தறுவாயில் நிறையப் பேசுகிறாள், மற்றதில் மிகக் குறைவாகவே பேசுகிறாள். இறக்கும் ஒருவர் அவ்வளவு பேசுவது பொருந்தாது என்று கருதி அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். அந்தக் காலத்தில்தான் அவருடைய தாயார் இறந்திருந்தார், அந்த இறுதி நேரத்தின் அனுபவத்தில் ஏதோ ஒன்று கார்போவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 1936 செப்டம்பர் 14 அன்று, தயாரிப்பை வழிநடத்திய இர்விங் தால்பெர்க் 37ஆம் வயதில் மறைந்தார் என்பதும் நினைவிற்கொள்ள வேண்டியது.

அர்மானாக நடித்த ராபர்ட் டெய்லரின் இளமையைக் குறை சொல்பவர்களுக்கும் ஒரு சொல். கார்போவைவிட அவர் ஏறத்தாழ ஆறு வயது இளையவர். அந்த வயது வேறுபாடு இல்லாவிட்டால் தந்தையின் காட்சியே நிற்காது. தன் எதிர்காலத்தைத் தானே தீர்மானிக்கத் தெரிந்த நடுவயது அர்மானாக இருந்திருந்தால், இதை என் மகனிடம் சொல்லாமல் உன்னிடம் சொல்கிறேன் என்று வந்து நிற்கும் துவாலைப் பார்த்து நாம் சிரித்திருப்போம். அவனுக்கு நடப்பவை எதுவும் புரிவதில்லை. அவனைச் சுற்றியிருக்கும் அத்தனை பெரியவர்களும், அவளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவனுடைய நன்மைக்காக அவனிடம் பொய் சொல்கிறார்கள்.

புதுவரவு

இதுவரை எந்தப் பதிப்பையும் பார்க்காதவன் எதிலிருந்து தொடங்குவது நல்லது என்று பெரியவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கொட்டகைவாசி

நாவலை முதலில் படியுங்கள், அதுவும் முதல் அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள். மார்கரீத் இறந்த பிறகு அவளுடைய வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வருகின்றன. அவள் உயிரோடு இருந்தவரை அந்தப் படியை மிதித்திராத மதிப்புமிக்க சீமாட்டிகள் சாமான் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்து, அறை அறையாகத் திரிகிறார்கள். செம்பருத்தி அவர்கள் குறிப்பிட்ட மறைவு விதி எப்படிச் செயல்படுகிறது என்பதை நாவலாசிரியர் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார், குக்கோர் கதையை நேர்க்கோட்டில் சொல்ல முனைந்ததால் இதைக் கைவிட்டுவிட்டார். நாவலுக்கு அடிப்படையான மரி துப்ளெஸி 1847 பிப்ரவரியில் 23ஆம் வயதில் இறந்தவர். தூமாவின் மகனோ திருமணத்திற்கு வெளியே பிறந்தவர், கண்ணியமான குடும்பங்கள் யாரை உள்ளே விடும், யாரை விடாது என்பதைச் சிறுவயதிலேயே அனுபவித்து அறிந்தவர்.

அதன் பிறகு 1936ஆம் ஆண்டுப் படத்தைப் பாருங்கள், பிறகு நாசிமோவாவிடம் போங்கள். இதுவரை படித்த மறுமொழிகளுக்குப் பிறகும் பேரிமோரைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. மௌனப்படம் அவர்கள் சொன்னதுபோல் தந்தை கடைசியில் வராதது படத்திற்கு நல்லதாயிற்று என்பதில் எனக்கும் உடன்பாடுதான், ஆனால் என் காரணம் வேறு: அவரை இரண்டாவது முறையும் கேட்க எனக்குப் பொறுமை இருந்திருக்காது.